மாப்பிள்ளை வாங்கித் தந்த ஷூ

தம்பி, ஒண்ணு கேக்கேன், தப்பா நெனைக்காதீங்க. கால்ல வெள்ளையா போட்டிருக்கீங்களே ஷூ, அது நீங்களா வாங்கினதா, யாரும் வாங்கித் தந்ததா? நீங்களா வாங்கினதா. அப்பம் சரி. அதைப் போட்டு ஓடுவீங்களா? ஓட மாட்டீங்க, காலேஜுக்குப் போட்டுட்டுப் போவீங்க. நல்லது. ஓடிராதீங்க. அம்புட்டுதான் நான் சொல்லுவேன்.

எதுக்குன்னு கேக்கீங்க. கேட்டுட்டீங்க, இனி சொல்லாட்டா நல்லாருக்காது. தூத்துக்குடிக்குத்தான போறீங்க? நான் அதுக்கு முன்ன மூணாவது மைல் ஸ்டாப்புல இறங்கிருவேன். இன்னும் வல்லநாட்டுப் பாலமே வரல. நேரம் கெடக்கு.

என் பேரு ஐயாத்துரை. அனல் மின் நிலையத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆனா அப்படிக் கேட்டா எங்க ஏரியாவுல ஒருத்தனுக்கும் தெரியாது. ஓட்டக்காரர் வீடு எதுன்னு கேளுங்க, டீக்கடைக்காரன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து வாசல்ல விட்டுருவான். அறுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்குன்னு ஓட்டப்பந்தயம் நடத்துதாங்கல்லா, மூத்தோர் தடகளம்னு, அதுல அஞ்சாயிரம் மீட்டர் நம்ம மாவட்டத்துல எனக்குப் பட்டா போட்டுக் குடுத்த மாதிரி. துறைமுகத்துல வேலை பாத்த ஞானதுரைன்னு ஒருத்தர் வருசா வருசம் ரெண்டாவது வருவாரு. என் முதுகைப் பாத்துக்கிட்டே ஓடி ஓடி அவருக்கு என் பனியன் கிழிசல் கூட மனப்பாடம். பாவம், நல்ல மனுசன்.

பெருமைக்குச் சொல்லல. காலையில ஒரு ஓட்டம், சாயங்காலம் ஒரு ஓட்டம். மழை பேஞ்சாலும் ஓடுவேன், வீட்டுல விசேசம்னாலும் ஓடுவேன். எம் பொண்ணு சுபாஷினியைப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு நான் ஓடிட்டு வந்து சேரையில தட்டுல பஜ்ஜி தீந்துட்டு. எம் பொண்டாட்டி உலகம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் நடந்த அன்னைக்கு எனக்குச் சிவகாசியில மீட்டு, அதான் ஓட்டப்பந்தயம். போயிட்டு வந்தேன். நான் ஆஸ்பத்திரியில இருந்து என்ன செய்ய? கத்தியப் புடிக்கப் போறவரு டாக்டரு. கூட எம் மச்சினி இருந்தா. ஆனா பாத்துக்கிடுங்க, தங்கத்தோட வந்தவன் வீட்டுக்குப் போகல, நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். மெடலை அவ கழுத்துலதான் போட்டேன். அவ செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மயக்கம் தெளியல போலுக்கு. எத்தனை பேரு பொண்டாட்டி கழுத்துல மெடலைப் போட்டிருப்பான், நீங்களே சொல்லுங்க. அப்படிப்பட்டவனுக்குத்தான் தம்பி இந்தத் துரோகம்.

வாரேன், வாரேன், ஷூவுக்குத்தான் வாரேன்.

எங்கிட்ட ஒரு கருப்பு ஷூ இருந்தது. மதுரையில ஒரு விளையாட்டுச் சாமான் கடையில பாத்துப் பாத்து வாங்கினது. அடிப்பக்கம் நல்ல கனம். உள்ள, நம்ம பாதத்துல நடுவுல வளைவு இருக்குல்லா, அந்த எடத்துல மேடா ஒரு தாங்கல் குடுத்திருப்பான். குதிகாலைச் சுத்திக் கெட்டியா புடிச்சுக்கிடும். பெருவிரல் பக்கம் கிழிஞ்சு போச்சு, நான் ஒட்டுப் போட்டு ஓடிக்கிட்டு இருந்தேன். பாக்கதுக்கு அசிங்கம்தான். ஆனா அதைப் போட்டு ஓடுன காலம் முழுசும் கால்னு ஒண்ணு இருக்கதே எனக்குத் தெரியாது.

போன வருசம் சுபாஷினிக்குக் கல்யாணம். மாப்ளை பேரு தினகரன், சொந்த ஊரு கோவில்பட்டி, வேலை பெங்களூர்ல. தங்கமான பிள்ளை. அவரை நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவுக அப்பா, அதாவது எங்க சம்பந்தி, அவருக்கும் எனக்கும் கல்யாணத்துலயே ஒரு மனத்தாங்கல் ஆயிட்டு. மாப்ளை அழைப்புக்கு நான் மாலையோட போய் நிக்கணும்லா, கொஞ்சம் லேட்டாயிட்டு. பெருசா ஒண்ணும் இல்ல, சாயங்கால ஓட்டம் முடிச்சுக் குளிச்சுட்டு வரணும்லா. மேளக்காரங்க வாசிச்சு ஓஞ்சு உக்காந்துட்டாங்க, மாப்ளை காருக்குள்ள கோட்டுப் போட்டு வெந்துக்கிட்டு இருக்காரு. சம்பந்தி எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. அன்னைக்கு ஆரம்பிச்சது, எப்பம் போன் போட்டாலும் உர்ருன்னுதான் பேசுவாரு. எம் பொண்ணு அந்த வீட்டுல வாழணும் பாருங்க, எனக்கு அது நெஞ்சுக்குள்ள உறுத்திக்கிட்டே கெடந்தது.

அப்படி இருக்கையில தலைதீபாவளிக்குப் பொண்ணும் மாப்ளையும் வாராங்க. வந்த மனுசன் எனக்கு ஒரு ஷூ வாங்கிட்டு வந்திருக்காரு. நாமதான மாப்ளைக்குச் செய்யணும்? அவரு மாமனாருக்குச் செய்யுதாரு! நான் அந்த நேரம் ஓடப் போயிருந்தேன், அதனால பெட்டியை உலகம்மா கையில குடுத்திருக்காரு. நான் வந்ததும் அவ பெட்டியைத் தொறந்து காட்டுதா. வெள்ளைவெளேர்னு, பளபளன்னு, அடியில தட்டையா, பூ மாதிரி ஒரு ஷூ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. சம்பந்தி வீட்டு மனத்தாங்கலெல்லாம் அந்தப் பெட்டியோட தீந்துட்டுன்னு நெனச்சேன்.

"ஓடுறதுக்கா வாங்கியிருக்காரு?"ன்னு கேட்டேன். இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க தம்பி, நான் கேட்டேன். வாயத் தொறந்து கேட்டேன்.

"பொறவு வேற எதுக்கு?"ன்னா அவ. முகத்துல ஒரு சுருக்கம் கூட இல்ல.

ராத்திரிச் சாப்பாட்டுல மாப்ளைகிட்ட, "பிரமாதம் மாப்ளே, பஞ்சுல மிதிச்ச மாதிரி இருக்கு"ன்னேன். அவருக்கும் சந்தோசம். தீபாவளி முடிஞ்சு கெளம்பிப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் நான் காலையும் சாயங்காலமும் அந்த வெள்ளை ஷூவைப் போட்டுத்தான் ஓடினேன்.

அது தாங்காதுன்னு முதல் நாளே கால் சொல்லிட்டு. அடியில ஒண்ணுமே இல்ல தம்பி. அட்டையைக் கட்டிட்டு ஓடுன மாதிரிதான். ரோட்டுல கெடக்க ஒவ்வொரு சரளைக் கல்லும் எனக்குத் தெரியுது. பாதம் உள்ளுக்குள்ள சரிஞ்சு சரிஞ்சு போகுது. ஆனா எப்படிச் சொல்ல? மாப்ளை முதமுதல்ல ஆசையா வாங்கித் தந்தது, சரியில்லன்னு ஒரு வார்த்தை என் வாய்ல இருந்து வந்துட்டா அது கோவில்பட்டிக்குப் போகாதா? போய் எம் பொண்ணு தலையிலதான வந்து விடியும்? ஆக, அவரு போன்ல, "ஷூ போடுறீங்களா மாமா?"ன்னு கேக்கையிலெல்லாம், "கழட்டவே மனசு வரல மாப்ளே"ன்னுதான் சொன்னேன்.

கொஞ்ச நாள்லயே குதிகால் போச்சு. அந்த வலி உங்களுக்கு வரவே வேண்டாம். காலையில கட்டில்ல இருந்து இறங்கி முதல் எட்டு வைக்கையில ஆணி மேல மிதிச்ச மாதிரி சுருக்குங்கும். உசுரு உச்சந்தலைக்குப் போயிட்டு வரும். செவுத்தைப் புடிச்சு நாலு எட்டு நடந்தா கொஞ்சம் எளகும். சரி, போயிட்டுன்னு ஓடப் போவேன். ஓடிட்டு வந்து உக்காந்து எந்திரிச்சா மறுபடியும் அதே சுருக்கு. பழைய கருப்பு ஷூவை எடுத்து யாருக்கும் தெரியாம போட்டு ஓடுவோம்னு தேடினா, ஆளைக் காணோம்.

"அதையா? பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன். அதான் புதுசு வந்துட்டுல்லா"ன்னுட்டா உலகம்மா.

எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு அவளை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனா என்னன்னு கேக்க? புதுசு சரியில்லன்னு சொல்லணுமே. முழுங்கிட்டேன்.

சாயங்கால ஓட்டத்தை முதல்ல நிப்பாட்டினேன். பொறவு காலை ஓட்டமும் நின்னு போச்சு. அப்பம் அவ என்னைப் பாத்துக்கிட்ட விதத்தைச் சொல்லணும். அதையும் மறைக்க மாட்டேன், நான் நியாயஸ்தன். தெனமும் விடியவும் செங்கலைச் சூடு பண்ணி, அது மேல எருக்க இலையைப் போட்டு, "வைங்க, குதிகாலை மெதுவா வைங்க"ன்னு தரையில உக்காந்து புடிச்சுக்கிடுவா. ரெண்டு பேரும் அங்கனயே உக்காந்து காப்பி குடிப்போம். அவ பேச ஆரம்பிப்பா. எம்மா, என்ன பேச்சு! பள்ளிக்கூடத்துல கோகோ வெளையாடுனது, அவுக ஊர் வாத்தியாரு குடை, எதுத்த வீட்டு மருமக, ஒண்ணு விடாம. கல்யாணம் ஆனதுல இருந்து அவ அவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. இவளுக்கு இவ்வளவு பேச வருமான்னு இருந்தது. ஒரு நாள், "திருச்செந்தூர் போயிட்டு வருவமா?"ன்னா. சும்மாத்தான இருக்கோம்னு போனேன். கடக்கரையில நான் காலை மணலுக்குள்ள பொதைச்சு உக்காந்திருக்கேன், அவ அவிச்ச கடலையை ஒவ்வொண்ணா தோலை எடுத்துட்டு எங்கையில தாரா. முகம் அப்படியே வெளிச்சமா இருக்கு. நம்ம மேல எவ்வளவு பாசம், நம்ம கால் சீக்கிரம் கொணமாகணும்னு இவ இப்படிக் கெடந்து பாடுபடுதாளேன்னு நெனச்சேன். நெனச்சேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

மாவட்ட மீட்டு வந்துட்டு. தருவை மைதானம். ஓடாம இருக்க முடியுமா என்னால? உலகம்மா, "இந்த ஒரு தடவை விட்டுருங்களேன்"ன்னா. அந்தப் பேச்சுக்கே எடம் இல்லன்னுட்டேன். நான் என்ன செஞ்சேன்னா, வீட்டுக்குத் தெரியாம நல்லதா ஒரு ஓட்ட ஷூ வாங்கி ஞானதுரை வீட்டுலயே வச்சிருந்தேன். வீட்டுல இருந்து மாப்ளை ஷூவைப் போட்டுட்டுக் கெளம்புறது, மைதானத்துல மாத்திக்கிடுறது. ஞானதுரை ஒண்ணும் கேக்கல, பையில போட்டுக் கொண்டு வந்துட்டாரு. கூட ஓடுற ஆளு, செயிக்க வேண்டிய ஆளு, அவரு எனக்குத் துரோகம் பண்ணல.

மைதானத்துல உக்காந்து ஒரு கால்ல புது ஷூவை மாட்டிட்டேன். பின்னால இருந்து, "மாமா!"ன்னு சத்தம். திரும்பிப் பாத்தா மாப்ளை. கூட எம் பொண்ணு, உலகம்மா. எனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு பெங்களூர்ல இருந்து சொல்லாம கொள்ளாம வந்திருக்காங்களாம். போனைத் தூக்கி வீடியோ எடுக்கதுக்குத் தயாரா கேலரியில நிக்காரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. புது ஷூவைக் கழட்டி ஞானதுரை பையில திணிச்சுட்டு, வெள்ளை ஷூவையே மாட்டிட்டுப் போய்க் கோட்டுல நின்னேன்.

முதல் ரவுண்டு ஓடிட்டேன். ரெண்டாவது ரவுண்டுல குதிகால்ல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் ஒரு இழுப்பு. பல்லைக் கடிச்சேன். ஞானதுரை முதமுதலா எனக்கு முன்ன போறாரு, போறப்ப என் முகத்தைப் பாத்துட்டு, "நின்னுருங்க ஐயாத்துரை"ன்னாரு. நிக்கல. அதுக்கப்புறம் எந்த எடம்னு தெரியல, கால் தரையில ஊனல. உக்காந்துட்டேன். அத்தனை பேருக்கு மத்தியில, ட்ராக்குல, சின்னப்பிள்ளை மாதிரி சப்புன்னு உக்காந்துட்டேன். அழுகை வந்துட்டு தம்பி. வலிக்கு இல்ல.

மாப்ளைதான் ஓடி வந்து தூக்கினாரு. என் காலைப் பாத்ததும் மனுசன் அப்படியே நின்னுட்டாரு. "மாமா, இதையா போட்டு ஓடுனீங்க?"

"நீங்க ஆசையா வாங்கித் தந்ததுல்லா மாப்ளே."

"ஐயோ, இது ஓடுற ஷூ இல்ல மாமா! பேன்ட் சட்டைக்குப் போடுறது. கல்யாணம் காச்சிக்குப் போகையில நீங்க அந்தக் கிழிஞ்ச ஷூவைப் போட்டுட்டு வாரீங்கன்னுதான் வாங்கினேன். அத்தைகிட்ட சொல்லித்தான குடுத்தேன். ஓடுறதுக்கு அளவெல்லாம் பாக்கணும், மாமாவைக் கூட்டிட்டுப் போய்த்தான் வாங்கணும்னு கூடச் சொன்னேனே. என்ன அத்தை, சொன்னேன்லா?"

எல்லாரும் உலகம்மாளைப் பாக்காங்க. நானும் பாக்கேன். அவ முந்தானையைத் திருகிக்கிட்டு கோல்போஸ்ட்டைப் பாத்துக்கிட்டு நிக்கா.

வீட்டுக்கு வந்து, பொண்ணும் மாப்ளையும் மருந்து வாங்கப் போன நேரம் பாத்துக் கேட்டேன். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஓட விட்ட?"

அழுது கால்ல விழுவான்னு பாத்தா, இல்ல. அவ பாட்டுக்கு உக்காந்து வெங்காயம் உரிக்கா. "சரியில்லன்னு நீங்களே ரெண்டு நாள்ல ஓட்டத்தை விட்டுருவீயன்னு நெனச்சேன். விடல. வலிக்குன்னு வந்து உக்காந்தீய. உக்காந்த பொறவு எனக்குச் சொல்ல வாய் வரல. வலிச்சாத்தான் வீட்டுல இருக்கீய."

"அதுக்குக் காலையா ஒடைப்ப?"

அவ்வளவுதான், பழசெல்லாம் எடுத்துட்டா. சிவகாசிங்கா. கண்ணு முழிச்சுத் தேடுனேங்கா. மாப்ளை அழைப்புங்கா, பஜ்ஜிங்கா. நான் கேக்கது ஷூ. ஷூவுக்கும் சிவகாசிக்கும் என்ன சம்பந்தம்? இவ்வளவு வருசமா அவளை ஒரு அடி அடிச்சிருப்பனா, குடிச்சுட்டு வந்திருப்பனா? ஓடுனேன், அம்புட்டுதான். ஊரான் எவனும் ஏமாத்தினா போயிட்டுப் போறான்னு விட்டுரலாம். தட்டுல சோறு போட்டுத் தந்தவ, விடியக்காலம் காலைத் தடவிக் குடுத்துக்கிட்டே, அந்த வலிக்குக் காரணம் இதுதான்னு தெரிஞ்சே மூச்சு விடாம இருந்திருக்காளே, அதை எங்க போய்ச் சொல்ல? வயிறு எரியுது தம்பி. சொல்லச் சொல்ல எரியுது.

ரொம்ப நாள் அவகூடப் பேசல. அவ பேசுவா, நான் உம்முன்னு கேட்டுக்கிட்டு இருப்பேன். கேக்காம எங்க போக, கால் நடக்க விடலையே. பாளையங்கோட்டையில ஒரு எலும்பு டாக்டரைப் பாத்தோம். விரல்ல இருந்து குதிகால் வரைக்கும் பாதத்துக்கு அடியில ஒரு நார் ஓடுதாம், அது வீங்கிப் போச்சாம். ஓடவே கூடாதுன்னுட்டாரு. மாப்ளை பாவம், அளவு பாத்து ஒசத்தியா ஒரு ஓட்ட ஷூ வாங்கித் தந்திருக்காரு, பெட்டி பிரிக்காம கட்டிலுக்கடியில கெடக்கு.

இன்னைக்குத்தான் திரும்பக் காட்டப் போனேன். தனியாத்தான் போனேன், அவளுக்கு வீட்டுல வேலை. டாக்டர் குதிகாலை அமுக்கி அமுக்கிப் பாத்தாரு. எனக்கு வலி போய் ஒரு மாசம் இருக்கும். "நல்லா ஆயிட்டு, இனி தாராளமா ஓடுங்க"ன்னுட்டாரு. திருச்சியில மாநில மீட்டு வருது, பேரு குடுக்க இந்த வாரம்தான் கடைசி. ஞானதுரை போன் மேல போன் போடுதாரு.

நீங்க சிரிக்கீங்க. அப்பம் சந்தோசம்தானன்னு கேக்கீங்க. என்ன சந்தோசம்? நான் பேரு குடுக்கல. நல்லா யோசிச்சுட்டேன். வீட்டுல போய் என்ன சொல்லப் போறேன் தெரியுமா? டாக்டர் இன்னும் கொறைஞ்சது ஆறு மாசத்துக்கு ஓடக்கூடாதுன்னுட்டாருன்னு சொல்லப் போறேன். ஆமா. அவ எனக்குச் செஞ்சதை நான் அவளுக்குச் செய்ய வேண்டாமா? நல்ல காலை வச்சுக்கிட்டு அவ முன்னாடி நொண்டிக்கிட்டே இருப்பேன். குத்தாலம் போகணும்ங்கா, போவேன். அவ தங்கச்சி வீட்டுக்கு வரச் சொல்லுதா, போவேன். காலையில அவ பேசுற பேச்சு முழுசும் உக்காந்து கேப்பேன். கூட இருக்கவன் ஏமாத்துதான்னே தெரியாம அவ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவா பாருங்க, அதை நான் பாக்கணும். சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன். அதுதான் அவளுக்குத் தண்டனை.

கண்டக்டர் தம்பி, மூணாவது மைல் ஒண்ணு!

அந்தா, பச்சைச் சேலையில கண்ணுக்கு மேல கைய வச்சு பஸ்ஸைப் பாத்துக்கிட்டு நிக்காள்லா, அவதான். வெயில்ல வராதன்னா கேக்க மாட்டா, நான் படியில இறங்கச் சிரமப்படுவேன்னு கையப் புடிக்க வந்திருக்கா. கொஞ்சம் வழி விடுங்க தம்பி. இப்பம் நான் நொண்டி நொண்டித்தான் இறங்குவேன், நீங்க சிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துராதீங்க.